திவாலான பிறகுதான் வாதமே தொடங்கும்... தெரியுமா?

119 நாள்! லண்டன் கோர்ட்டில் ஒரு பாரிஸ்டர் தன் தொடக்க உரையை முடிக்க எடுத்துக்கொண்ட நாட்கள் இவை. இங்கிலாந்தின் நீதிமன்ற வரலாற்றிலேயே மிக நீளமான உரை இதுதான். பேசியவர் நிக்கலஸ் ஸ்டாட்லன். அவருக்கு முன்னால் எழுந்த எதிர்த்தரப்பு பாரிஸ்டர் கார்டன் பொல்லாக் மட்டும் சளைத்தவரா? அவர் பேசியது சுமார் 80 நாள்! இரண்டு பேரின் முன்னுரைக்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இத்தனையும் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு வங்கிக்காக!

அந்த வங்கியின் பெயர் பி.சி.சி.ஐ. கிரிக்கெட் வாரியம் இல்லை. 1972-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த ஆகா ஹசன் அபேதி தொடங்கி, உலகம் முழுக்கக் கிளை பரப்பிய வங்கி. 1991 ஜூலை 5-ஆம் தேதி உள்ளே நடந்த மாபெரும் மோசடி வெளிவந்து, பல நாடுகளில் ஒரே நாளில் கதவடைக்கப்பட்டது. பிரிட்டனில் சிறு கடை நடத்திவந்த தெற்காசியக் குடும்பங்கள் எத்தனையோ தங்கள் வாழ்நாள் சேமிப்பை அதில்தான் போட்டிருந்தன. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை நிர்வகிக்கும் கவுன்சில்கூட 2 கோடியே 30 லட்சம் பவுண்டு போட்டுவிட்டு விழித்தது.

இப்போது கவனியுங்கள். வங்கி செத்தாலும் அதற்கு ஒரு லிக்விடேட்டர் உண்டு. மிச்சம் மீதியைத் திரட்டிக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பவர் அவர். வங்கி யார் மேலெல்லாம் வழக்குப் போடலாமோ அவர்கள் மேலெல்லாம் அவர் போடலாம். அப்படித்தான் பி.சி.சி.ஐ.-யின் லிக்விடேட்டர்கள், 'நீங்கள் ஒழுங்காகக் கண்காணித்திருந்தால் இது நடந்திருக்காது' என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து மீதே பாய்ந்தார்கள். 1694-இல் பிறந்த வங்கியைக் கூண்டில் ஏற்றியது ஒரு பிணம்! 2004 ஜனவரியில் விசாரணை ஆரம்பித்தது. 2005 நவம்பரில், 256-ஆவது நாளில், லிக்விடேட்டர்களே வழக்கை வாபஸ் வாங்கினார்கள். செலவு மட்டும் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. தோல்விதான். ஆனால் அதே லிக்விடேட்டர்கள் வேறு வேறு வாசல்களைத் தட்டித் திரட்டிய பணத்தில், கடன்காரர்களுக்கு முக்கால் பங்குக்கும் மேல் திரும்பிக் கிடைத்தது தெரியுமா? எல்லாம் போச்சு என்று கைகழுவிய பணம் அது!

நம் ஊரில் ஒருவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்றால் அத்தோடு கதை முடிந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். லண்டனில் அந்த இடத்தில்தான் ஒரு கூட்டம் எழுந்து நிற்கிறது: திவால் வழக்குகளை மட்டுமே பார்க்கும் பாரிஸ்டர்கள். சொலிசிட்டர் கட்சிக்காரரைப் பார்த்து, காகிதங்களைத் திரட்டி, கட்டு கட்டாக அனுப்புவார். அதைப் படித்துவிட்டு நீதிபதி முன்னால் நின்று வாதாடுவது பாரிஸ்டர். கொலை வழக்கு வக்கீலைச் சினிமாவில் பார்க்கிறோம், இவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பேன் நான். இருக்கும் ரொட்டி ஒன்று, பசித்த வாய் ஆயிரம். எந்த வாய்க்கு எவ்வளவு என்று சண்டையில்லாமல் தீர்த்துவைக்கும் தொழிலைவிடப் பரபரப்பானது எது?

புதன்கிழமை காலையில் லண்டனின் ஃபெட்டர் லேனில் இருக்கும் ரோல்ஸ் கட்டடத்துக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பெனிகளைக் கலைக்கக் கோரும் மனுக்கள் அன்று வரிசையாக வரும். இளம் பாரிஸ்டர்கள் கையில் பல கட்டுகளோடு காத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு கம்பெனி. வரி பாக்கிக்காக அரசின் வரித்துறை போட்ட மனுக்களே நிறைய. பெயர் கூப்பிட்டதும் எழுந்து, கடன் இவ்வளவு, மனு சேர்ப்பிக்கப்பட்டது, விளம்பரம் வந்தது, எதிர்க்க யாரும் இல்லை என்று மளமளவென்று சொல்லி, 'வழக்கமான கட்டாய உத்தரவு' வேண்டும் என்று கேட்பார்கள். நீதிபதி தலையசைத்தால் முடிந்தது. ஒரு கம்பெனியின் ஆயுள் இரண்டு மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும்! அடுத்த பெயர். அடுத்த கம்பெனி. பெரிய பெரிய பாரிஸ்டர்கள் பலர் தொழில் பழகியது இந்தப் புதன்கிழமை வரிசையில்தான்.

எவ்வளவு கடன் இருந்தால் ஒரு கம்பெனியைக் கலைக்க மனுப் போடலாம் தெரியுமா? வெறும் 750 பவுண்டு! அதற்கு மேல் பாக்கி வைத்து, முறையான கேட்பு நோட்டீஸ் வந்து 21 நாளாகியும் கட்டவில்லை என்றால் போதும். மனுவைவிடப் பயங்கரமானது அதன் விளம்பரம். 1665-இல் தொடங்கி இன்றுவரை வரும் 'லண்டன் கெஜட்' இதழில் அந்த மனு பற்றிய அறிவிப்பு வரவேண்டும். வந்த கணத்தில் கம்பெனியின் வங்கி கணக்கை முடக்கிவிடும். மனு தாக்கலான நாளுக்குப் பிறகு கம்பெனியிலிருந்து வெளியே போகும் எந்தப் பணமும், பின்னால் கலைப்பு உத்தரவு வந்தால், கோர்ட் அனுமதி இல்லாதவரை செல்லாது. 1986-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 127-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. எந்த வங்கி துணிந்து செக்கைப் பாஸ் பண்ணும்? சம்பளம் நிற்கும், சரக்கு நிற்கும், நல்ல கம்பெனிகூட வாரக்கணக்கில் மூச்சுத் திணறிச் சாகும்.

அதனால்தான் 'இந்தக் கடனே பொய், நான் கட்ட வேண்டியதே இல்லை' என்று சொல்லும் கம்பெனிக்காரர் பாரிஸ்டரைத் தேடி ஓடுகிறார். மனு கம்பெனி கைக்கு வந்ததற்கும் கெஜட்டில் அச்சாவதற்கும் நடுவே குறைந்தது ஏழு வேலைநாள் இடைவெளி. அதற்குள் நீதிபதி முன் நின்று, கடன் மீது உண்மையான தகராறு இருக்கிறது, கலைப்பு மனு கடன் வசூலிக்கும் ஆயுதம் இல்லை என்று காட்டி, விளம்பரத்துக்குத் தடை வாங்கியாக வேண்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய வாதக் குறிப்பில் நூறு குடும்பங்களின் சம்பளம் தொங்கிக்கொண்டிருக்கும்!

நாள் கணக்கு மட்டுமா, நிமிஷக் கணக்கும் உண்டு. 2008 செப்டம்பர் 15 காலை, அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸின் லண்டன் கிளை நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போன நேரம் சரியாக 7 மணி 56 நிமிஷம். 2021 ஜூலை 26 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் நம்ம விஜய் மல்லையா திவாலானவர் என்று நீதிபதி மைக்கேல் பிரிக்ஸ் அறிவித்தது மாலை 3 மணி 42 நிமிஷத்துக்கு. ஸ்டேட் வங்கி தலைமையில் 13 இந்திய வங்கிகள் 2018-இல் போட்ட மனு அது. மணித்துளி எதற்கு என்கிறீர்களா? அந்தக் கணம்வரை சொத்து அவருடையது. அதற்கு அப்புறம் இல்லை!

லேமன் கதையை இத்தோடு விட மனசு வரவில்லை. உலகத்தையே குப்புறத் தள்ளிய திவால் அது. கடன்காரர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? லண்டன் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த சாதாரணக் கடன்காரர்களுக்கு, ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ், முழுசாகத் திரும்பி வந்தது! அதோடும் நிற்கவில்லை. எல்லோருக்கும் அசல் கொடுத்த பிறகும் 700 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சம்! திவாலான கம்பெனியில் பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்று சட்டம் அதிகம் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. யோசித்து எழுதியிருந்ததும் ஓரிரு வரிதான். இடைப்பட்ட வருஷங்களுக்கு 8 சதவீத வட்டியா? டாலரில் கடன் கொடுத்தவருக்குப் பவுண்டு மதிப்பு விழுந்ததால் வந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? பங்குதாரர்கள் போன்ற கடைசி வரிசைக்காரர்கள் எப்போது உள்ளே வரலாம்? பணம் படிப்படியாக மேலிருந்து கீழே இறங்கும் வரிசை பற்றிய சண்டை என்பதால் அதற்கு 'நீர்வீழ்ச்சி வழக்கு' என்றே பெயர் வந்தது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் முதல் நீர்வீழ்ச்சி அடங்கியது. அந்த வழக்கைக் கீழ்க்கோர்ட்டில் முதலில் கேட்ட டேவிட் ரிச்சர்ட்ஸ் 2022-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார் என்பது கூடுதல் செய்தி.

இதெல்லாம் நேற்றைய சமாச்சாரம். ஆட்டுக்கதை தெரியுமா?

முதலாம் எலிசபெத் ராணியின் கடைசிக் காலம். ஹாம்ப்ஷயரில் பியர்ஸ் என்று ஒரு விவசாயி. ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டு பாக்கி, இன்னொருவருக்கு 200. அந்த இன்னொருவர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் தன்னிடமிருந்த 300 பவுண்டுப் பொருள் முழுவதையும் ரகசியமாக ட்வைன் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். பேர்தான் மாறியது. ஆடுகள் அதே பட்டியில். பியர்ஸே ரோமம் கத்தரித்தார், பியர்ஸே தன் அடையாளத்தை ஆட்டின் மேல் குத்தினார்! சொத்தைக் கைப்பற்ற வந்த அதிகாரியை ட்வைன் ஆட்கள் எதிர்த்து நிற்க, விவகாரம் ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றத்துக்குப் போனது. மோசடி என்று தீர்ப்பு. கடன்காரரை ஏமாற்றச் சொத்தை மாற்றினால் அதற்கு என்னென்ன அறிகுறி இருக்கும் என்று அன்று நீதிபதிகள் அடுக்கிய பட்டியல் நானூறு வருஷம் தாண்டியும் மேற்கோளாக நிற்கிறது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான 1571-ஆம் வருஷத்துச் சட்டத்தின் வாரிசு இன்றைய திவால் சட்டத்தின் 423-ஆவது பிரிவு. ஆடு போய் இன்று தீவுகளில் பதிவான கம்பெனி வந்திருக்கிறது, அவ்வளவே. தனக்குச் சொந்தமான கம்பெனியின் சொத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டவர் இதே பிரிவில் மாட்டுவாரா என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்புச் சொன்னது. மாட்டுவார்!

அந்தக் காலத்துத் தண்டனையைக் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. 1761-இல் ஜான் பெரட் என்ற லண்டன் துணி வியாபாரியைத் தூக்கில் போட்டார்கள். கொலையா செய்தார்? இல்லை, திவாலான பிறகு கடன்காரர்களிடமிருந்து சொத்தை மறைத்தார்! இப்படி மரண தண்டனையைக் கொண்டுவந்த சட்டம்தான், ஒழுங்காக ஒத்துழைத்த திவாலாளிக்குக் கடனிலிருந்து முழு விடுதலையையும் முதல்முறையாகக் கொடுத்தது. 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ அதற்கு முன்னமே, 1692-இல், 17,000 பவுண்டுக் கடனில் திவாலாகியிருந்தார். பாவம், அவருக்கு அப்போது அந்தக் கதவு இல்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் விஷயம் இன்னும் மனதைப் பிசையும். 1824-இல் அவருடைய அப்பாவைக் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு வயது சார்லஸ் பூட் பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டினான். அப்பா வெளியே வர ஒரே வழி, கடனாளிகளுக்கான சட்டத்தின் கீழ் விண்ணப்பம். அதற்கு ஒரு நிபந்தனை: குடும்பத்தின் உடுப்பும் சொந்தச் சாமான்களும் சேர்ந்து 20 பவுண்டைத் தாண்டக் கூடாது! அதனால் அந்தப் பிள்ளையே மதிப்பீட்டு அதிகாரி முன்னால் போய் நின்று, போட்டிருக்கும் சட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. பையில் பாட்டி கொடுத்த வெள்ளிக் கடிகாரம். அது கணக்கை 20 பவுண்டுக்கு மேல் ஏற்றிவிடுமோ என்று அந்தப் பிஞ்சு மனசு அடித்துக்கொண்டதாம்!

மூன்று வருஷம் கழித்து அதே சார்லஸ் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எங்கே? லண்டனின் நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றான கிரேஸ் இன் வளாகத்தில், ஹோல்போர்ன் கோர்ட் என்ற முற்றத்தில். பின்னால் அம்பேத்கர் பாரிஸ்டரானாரே, அதே கிரேஸ் இன். அந்த ஹோல்போர்ன் கோர்ட்டுக்கு இன்றைய பெயர் சவுத் ஸ்கொயர். சவுத் ஸ்கொயரில் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற திவால் பாரிஸ்டர்களின் சேம்பர், அதாவது கூட்டு அலுவலகம்! இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்காதவர் இல்லை.

கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று சட்டக் கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்களே, அந்தத் தத்துவத்தைக் கொடுத்ததும் ஒரு திவால் வழக்குதான்! ஆரன் சாலமன் லண்டனில் பூட்ஸ் தயாரித்தவர். 1892-இல் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு பங்கு, தனக்கு 20,001. தொழிலைக் கம்பெனிக்கு விற்றதற்காக 10,000 பவுண்டுக்குக் கடன் பத்திரமும் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷமே கம்பெனி படுத்தது. பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் முன்னுரிமை, சாதாரணக் கடன்காரர்களுக்குப் பூஜ்யம். லிக்விடேட்டர் சீறினார்: 'கம்பெனியாவது மண்ணாவது, எல்லாம் இந்த சாலமன்தான், கடனை அவரே கட்டட்டும்!' முதல் கோர்ட்டும் அப்பீல் கோர்ட்டும் லிக்விடேட்டர் பக்கம். சாலமன் அன்றைய கடைசி அப்பீல் இடமான பிரபுக்கள் சபைக்குப் போனபோது கோர்ட் கட்டணம் கட்டக்கூடக் காசில்லாமல் ஏழை என்ற அனுமதியோடு போனார். 1896 நவம்பரில் பிரபுக்கள் ஒருமனதாகத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டார்கள். கம்பெனி தனி ஆள், சாலமன் தனி ஆள்! உலகம் முழுக்க இன்று இருக்கும் கோடிக்கணக்கான பிரைவேட் லிமிடெட்டுகள் நிற்பது திவாலான அந்த பூட்ஸ் கம்பெனியின் மேல்தான்.

கம்பெனிக்கும் முதலாளிக்கும் நடுவே எழுந்த அந்தச் சுவரில் எங்கே ஓட்டை போடலாம் என்று தேடுவதே திவால் பாரிஸ்டர்களின் பாதி வேலை. பி.எச்.எஸ். என்ற பழம்பெரும் துணிக்கடைச் சங்கிலியை 2015-இல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். அடுத்த வருஷம் அது விழுந்தது, 11,000 பேருக்கு வேலை போனது. மீள வழியில்லை என்று தெரிந்த பிறகும் கடையை ஓட்டினார்கள் என்று லிக்விடேட்டர்கள் தொடுத்த வழக்கில், 2024-இல் முன்னாள் இயக்குநர்கள் மீது கோடிக்கணக்கான பவுண்டு சுமத்தினார் நீதிபதி. அப்படியொரு தொகை அதற்கு முன் இந்தக் குற்றச்சாட்டில் விதிக்கப்பட்டதே இல்லை.

கம்பெனிகள் மட்டுமா? டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் 2017-இல் திவாலானார். லிக்விடேட்டர் மாதிரி அவருக்கு வந்தவர் டிரஸ்டி. அவரைத் தடுக்க பெக்கர் தரப்பு எடுத்த வாதம் என்ன தெரியுமா? 'நான் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தூதரக அதிகாரி, என்னைத் தொட முடியாது!' பிறகு அந்த வாதத்தைக் கைவிட்டார்கள். சொத்தை மறைத்ததற்காக 2022-இல் இரண்டரை வருஷச் சிறைத் தண்டனை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். கம்பெனி விழும்போது தொழிலாளியின் சம்பள பாக்கிக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் எவ்வளவுக்கு? 800 பவுண்டுக்கு! 1986-இல் இருந்த அதே 800. விலைவாசி எங்கோ போய்விட்டது, அந்த எண் மட்டும் அசையவே இல்லை. அதற்கு மேலுள்ள பாக்கிக்குத் தொழிலாளியும் சரக்குக் கொடுத்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை கூர்மையான பாரிஸ்டர் வந்தாலும் சட்டம் எழுதிய எண்ணைத் தாண்ட முடியாது. அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். உடனே மாற்ற வேண்டும்.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு பெரிய சம்பந்தம் இருக்கிறது! 1906 அக்டோபரில் மதராஸின் பெரிய வங்கியான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. முதல் விரிசல் விழுந்தது லண்டனில்தான். அங்கே அதன் கூட்டு நிறுவனத்தை நடத்திய மெக்ஃபாடியன் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ள, இரண்டே நாளில் மதராஸ் வங்கி கதவடைத்தது. ஜமீன்தார், கோயில், விதவை, குமாஸ்தா என்று தமிழ்நாட்டில் பணம் போட்டவர்கள் பதறிக் கடற்கரைச் சாலைக்கு ஓடினார்கள். வெள்ளைக்காரத் துரை சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல்! வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நம் பணத்துக்கு நம் வங்கி என்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்க வைத்தார். திவால் சட்டமும் 1909-இல் புதிதாக வந்தது. ராஜதானி நகரங்களின் திவால் சட்டம் என்று அதற்குப் பெயர். கம்பெனிகளுக்கு 2016-இல் புதுச் சட்டம் வந்துவிட்டாலும், சென்னையில் ஒரு சாதாரணத் தனிநபர் திவால் மனுப் போட்டால் இன்றைக்கும் உயர் நீதிமன்றம் எடுத்துப் புரட்டுவது அந்த 1909-ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான்!